வாவியைச் சுற்றி ஓர் உத்தியோகம்

பென்சன் எடுத்த பிறகு நான் பார்த்த ஒரே உத்தியோகம் ஓட்டம். சம்பளமில்லை, லீவில்லை, மேலதிகாரி முழங்கால்.

என் கணவர் போனபோது தூக்கத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டார். "கொஞ்ச நாள் ஓடிப் பாருங்க டீச்சர். அதுக்கும் தூக்கம் வரலைன்னா மாத்திரைதான்" என்றார் டாக்டர். அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு என் அக்கா பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததைக் கண்டவள் நான். ஓடத் துணிந்தேன். விடிய விடிய விழித்திருக்கும் தோழிகளே, இது உங்களுக்காக.

சப்பாத்து

கண்டிக் கடைத்தெருவில் பழக்கமான முஸ்லிம் நானாவின் சப்பாத்துக் கடைக்குப் போனேன். "பேத்திக்கா டீச்சர்?" என்றார். எனக்குத்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கே விற்றுப் பழகிய கை, சப்பாத்தின் நுனியில் என் பெருவிரலைத் தேடி அமுக்கிப் பார்த்தது. வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "ஒரு சைஸ் பெருசா எடுங்க, கால் வளரும்."

முதல் கிழமை

கால் வளரவில்லை, வீங்கியது. அந்த ஏழு நாளும் படிகளில் பின்பக்கமாக இறங்கினேன். எங்கள் ஏற்றத்தின் அடியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் லெச்சுமிக்கு என்னைப் பார்ப்பதே காலைப் பலகாரம். "யாரு தொரத்துறா டீச்சர்?" என்பாள் தினமும். ஒருநாள் எச்சரிக்கையும் செய்தாள்: "எங்கயாச்சும் விழுந்து கெடந்தா என்னையக் கூப்பிடாதீங்க, நான் ஓடி வர்ற ஆளு இல்ல."

பஸ்

வாவிக்கரையில் சேலையைச் செருகிக்கொண்டு ஓடுகிறேன். என்னைத் தாண்டிப் போன அம்பிட்டிய பஸ் சடக்கென்று நின்றது. நம்மூரில் வயதானவள் ஓடினால் பஸ்ஸுக்குத்தானே? ஜன்னல்தோறும் தலைகள், "வாங்க, வாங்க" என்று கைகள். அத்தனை பேரின் அன்பையும் ஏமாற்ற மனம் வரவில்லை. ஏறிவிட்டேன். டிக்கெட்டும் எடுத்தேன். அடுத்த தரிப்பில் இறங்கும்போது கண்டக்டர் பையன் கையைப் பிடித்து இறக்கிவிட்டுச் சொன்னான்: "நாளைக்குக் கொஞ்சம் வேளைக்கே வாங்க அம்மா, ஓடத் தேவையில்ல."

ரேடியோ

மெல்ல மெல்லப் பசி வந்தது. ரொட்டியும் சம்பலும் ருசித்தன. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மனத்தால் வேறெதையும் சுமக்க முடிவதில்லை என்பதையும் கண்டுகொண்டேன். வாவியில் சிறகு காயவைக்கும் நீர்க்காகங்களைப் பார்த்து நின்றால் சிரிப்புக்கூட வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. மாத்திரைச் சீட்டு அலுமாரியில் காத்திருந்தது.

அப்படியொரு நாள் கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்தாள். பேச்சின் நடுவே போனை வைத்துவிட்டு அடுப்பைக் குறைக்கப் போனேன். திரும்பி வந்து காதில் வைத்தால் அதட்டல்: "ரேடியோவைக் குறைங்கம்மா, ஒண்ணும் கேக்கல!" எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தது நான்தான்.

எட்டு மணி

கதவை யாரோ உடைக்கிறார்கள். கண் திறந்தால் முகத்தில் வெயில், கடிகாரத்தில் எட்டு. ஒரு கனவுகூட இல்லாமல் தூங்கியிருக்கிறேன்! தள்ளாடிப் போய்க் கதவைத் திறந்தேன். லெச்சுமி. தலையில் பாதியில் நின்ற சீப்பு, ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறுங்கால். நான் கடையைத் தாண்டிப் போகாததைக் கண்டு, கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டு அந்த ஏற்றம் முழுவதும் ஓடி வந்திருக்கிறாள். என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் கொட்டாவி விட்டேன். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"உசுரோட இருந்துக்கிட்டா இப்பிடித் தூங்குறீங்க? பாவி டீச்சர், என்னையவே ஓட வச்சிட்டீங்களே!"

ஓட்டத்தால் உடம்புக்கு என்னென்ன நன்மை என்று இனி லெச்சுமியைக் கேளுங்கள், எனக்குத் தூக்கம் வருகிறது.