எதிர்வீட்டு வார்டு

எங்கள் தீவு நகரத்தின் அபர்டீன் பஜாரிலிருந்து மேலேறும் எங்கள் சரிவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குடிநீர் வரும். வளைவிலுள்ள வால்வைத் திறந்தால் சாலையின் இருபுறமும் ஒரே வேளையில் குடங்கள் நிறையும். ஆகவே, ஒரு வால்வின் நீரைக் குடிப்பவர்கள் ஒரே வார்டினர் என்பதை எங்களில் எவரும் ஐயுற்றதில்லை. கோடையில் குழாய் வறண்டால் அனைவரையும் திரட்டி நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துச் செல்பவள் நான். பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்கு இந்தியிலும் மனு எழுத வரும். எதிர்வீட்டுக்காரி, ஓர் ஒப்பந்தக்காரரின் மனைவி, ஒருமுறையும் உடன் வந்ததில்லை. "டீச்சர் போறாங்கல்ல, பஸ், அது போதும்!" என்று வாசலிலேயே நின்றுவிடுவாள்.

அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்றதும், நான்தான் நிற்க வேண்டும் என்று சரிவே சொன்னது. மனத்துக்குள் நான் அன்றே உறுப்பினராகிவிட்டேன்.

பிறகு வார்டு எல்லைகளைத் திருத்தும் அறிவிப்பு வந்தது. வரைபடத்தை நகராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, மறுப்பிருந்தால் தெரிவிக்கச் சொன்னார்கள். தண்ணீருக்காக எத்தனையோ முறை அந்தச் சுவரைக் கடந்த எங்களில் ஒருவரும் இதற்காகப் போகவில்லை. வால்வைப் பிரிக்க முடியாதபோது வார்டை எப்படிப் பிரிப்பார்கள்?

பிரித்திருந்தார்கள். மறுப்புக்கான காலம் கடந்த பின்னரே பார்த்தேன். கோடு சாலையின் நடுவே இறங்கியது. தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் எதிர்ப்புறம் முழுவதும் பழைய வார்டிலேயே இருந்தது; என் புறத்து வீடுகள் மட்டும் குன்றின் மறுபக்கத்து வார்டோடு ஒட்டப்பட்டிருந்தன. தேநீர்க் கடையருகே கோடு சட்டென வளைந்து, அரசுக் குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு மீண்டும் சாலைக்கு வந்தது. யாரேனும் எண்ணிப் பார்த்து வளைத்தார்களா, குன்றே அப்படித்தான் வளைகிறதா என்பதை இன்றுவரை நான் அறியேன். வாசலை விட்டு அசையாதவளுக்கு என் வார்டு போய்விட்டது என்பதை மட்டும் அறிவேன்.

தேர்தலில் அவள் அங்கே நின்றாள். என் வீடு சேர்ந்த வார்டு என்பதால் நான் குன்றின் மறுபக்கத்தில் நின்றேன். வங்காளிகளும் தெலுங்கர்களும் வாழும் அந்தத் தெருக்களில் என் இந்தியை மரியாதையோடு கேட்டார்கள். "மேடம், ஆப் கிதர் ரஹ்தா?" என்று என் வீட்டையும் விசாரித்தார்கள். குன்றின் இப்புறத்தைக் காட்டினேன். அவர்களுக்கு நீர் வரும் நாளே வேறு.

நான் தோற்றேன். அவள் வென்றாள்.

எனக்காகச் சரிவெல்லாம் பேசிய தேநீர்க் கடைக்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்குப் போடணும்னுதான் டீச்சர் ஆசை. எங்க மெஷின்ல உங்க பேரே இல்லியே, க்யா கர்னா, என்ன பண்றது? அக்காவுக்குப் போட்டுட்டேன். அவங்களும் நம்ம ஆளுதானே?"

அந்த 'அக்கா' என்னைச் சுட்டது. இத்தனை ஆண்டுகளில் நான் அவருக்கு டீச்சர்தான்.

அவள் வாசலில் பெயர்ப்பலகை ஏறியது. என் சன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும்; பெயருக்குக் கீழே எனக்கென்று நான் நினைத்திருந்த பதவி. சன்னலை மூடினால் புழுங்கும்.

அந்தக் கோடையில் வால்வு பழுதானது. அவள் லட்டுத் தட்டோடு வந்தாள்.

"டீச்சர், கோடு நான் போட்டதில்ல, டென்ஷன் எடுக்காதீங்க. குழாய்ல பானி வர ஹிந்தில ஒரு மனு எழுதித் தாங்களேன். சைன் நான் போட்டுக்கறேன்."

மறுத்திருப்பேன். ஆனால் வால்வு அவள் வார்டில் இருந்தது. அது திறந்தால்தான் என் குடமும் நிறையும். எழுதினேன். என் மனுக்கள் மாதக்கணக்கில் உறங்கிய மேசையில் அது ஓரிரவுகூடத் தங்கவில்லை.

மறுநாள் நீர் வந்தது. எதிர்ப்புறம் முழுவதும் அவளைப் புகழ்ந்தபடி குடம் பிடித்தார்கள். என் குழாயிலும் அதே விசையோடு விழுந்தது. நான் எழுதியதில் ஓரெழுத்தையும் அவள் மாற்றவில்லை என்று பின்னர் தெரிந்தது. குறை சொல்ல, மாற்றிய ஓரெழுத்தையாவது அவள் எனக்கு விட்டுவைத்திருக்கலாம்.