கடைசிப் பக்கத்தில் இடம்

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு என்னை பஸ்ஸில் கூட்டிப்போன அன்று அப்பா தேர்த் திருவிழாவுக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். நான் ஆறாம் ஆண்டில் படித்தேன். அவரைப் பற்றி நான் எழுதிய கட்டுரை பள்ளிக்கூடத்துச் சஞ்சிகையில் வரப்போகிறது, அதன் கடைசி வரியில் அவருடைய பெயர் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் யாருடைய பெயரும் அதுவரை அச்சில் வந்ததில்லை. மலையில் தேயிலை வேலைக்குப் போகாமல், சஞ்சிகை தயாராகும் அச்சகத்தைப் பார்க்க என்னோடு கிளம்பிவிட்டார்.

அச்சகத்தில் பக்கங்களை அமைத்தவர் முதலாளியின் தங்கை. நாங்கள் நுழைந்தபோது அண்ணனும் தங்கையும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

"கடைசிப் பக்கத்துல ஒன்ட பேரு வந்தா ஒனக்கு கொம்பு மொளைக்குமா?"

"எத்தின வருஷமா பக்கம் செய்றேன் நானா. ஒரு தடவ என்ட பேரு வந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சி போகும்?" என்றார் தங்கை. அண்ணனை அவர்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சரி சரி, போட்டுத் தொல."

அந்த அக்கா வெற்றிச் சிரிப்போடு எங்களுக்கு ஸ்டூல்களை இழுத்துப் போட்டார்.

கணினித் திரையில் சஞ்சிகையின் கடைசிப் பக்கம் வெள்ளைத் தாளாக மிதந்தது; அடியில் மட்டும் கட்டம் போட்ட ஒரு சிறு பெட்டி. அக்கா அதற்கு மேலே பெரிதாக இன்னொரு பெட்டி வரைந்தார். என் கட்டுரை, ஓடையைத் திறந்துவிட்டதுபோல் அதற்குள் பாய்ந்து நிரம்பியது. ஒரு படத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். தேருக்கு வழிவிடும் கூட்டம்போல எழுத்துகள் விலகி அதைச் சுற்றி நின்றன. நான் வாயை மூட மறந்தேன்.

"என் பேரு எங்கம்மா இருக்கு?" என்றார் அப்பா என்னிடம்.

தேடினேன். இல்லை. கட்டுரை பாதி வாக்கியத்தில் நின்றது. பெட்டியின் மூலையில் சின்னதாகச் சிவப்புக் கூட்டல் குறி.

"மிச்சம் உள்ளுக்குத்தான் இருக்கு. எடம் பத்தாம மறைஞ்சி நிக்குது," என்றார் அக்கா. எழுத்தைச் சிறிதாக்கினார், படத்தைச் சுருக்கினார். குறி போகவில்லை. மற்றப் பக்கங்கள் எல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்தன.

"பரவாயில்லம்மா, வுட்டுருங்க," என்று அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தின் அடியில் கட்டம் போட்டிருந்த அந்தச் சிறு பெட்டியைப் பிடித்து, தாளுக்கு வெளியே சாம்பல் நிறமாகக் கிடந்த இடத்தில் நகர்த்தி வைத்தார். கட்டுரையைக் கீழே இழுத்தார். சிவப்புக் குறி மறைந்தது. அப்பாவின் பெயர் வந்து உட்கார்ந்தது.

"இந்தா இருக்குப்பா!"

வாசிக்கத் தெரியாத அப்பா, தேயிலைக் கறை படிந்த விரலை அதன்மேல் வைத்து, எடுக்க மனமில்லாமல் நின்றார்.

"வெளிய வச்சது அச்சுல வருமா அக்கா?"

"வராது. அது சும்மா கெடக்கட்டும்."

திரும்பும் வழியெல்லாம் அப்பாவுக்குக் கணினியின் மகிமையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். தாளில் இல்லாத இடத்தை அது எங்கிருந்தோ உண்டாக்கிவிடுகிறது என்றேன். அவரும் நம்பினார்.

இன்று நானே சஞ்சிகைகளுக்குப் பக்கம் அமைக்கிறேன். எந்த மென்பொருளிலும் தாள் ஒரு விரற்கடைகூட நீளாது. வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் அந்தப் பழைய சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில், அக்காவின் பெயர் வந்திருக்க வேண்டிய அடி ஓரம்வரை என் எழுத்துத்தான் இருக்கிறது.