பாட்டுக்கு அடியில்

ஹட்டன் கடைத்தெருவில் இருந்த மாமாவின் ஸ்டூடியோவை நினைத்தால், கண்ணாடி மேசையின் மேல் இருந்த பித்தளைத் தட்டுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணங்களுக்குப் படமும் வீடியோவும் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். வீடியோ எடுப்பவர்கள் எங்கள் சம்பளக்காரர்கள் அல்லர். சொந்தக் கமரா, சொந்தக் கணினி வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் பேசி வருகிறவர்கள். அப்படி ஒருவர் வந்தால் மாமா தட்டில் வெற்றிலை பாக்கோடு கொஞ்சம் முற்பணத்தை வைத்து நீட்டுவார். நாளும் இடமும் சொல்வார். வந்தவர் தட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது. எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான். நான் அங்கே கணக்கும் கல்யாணப் பட அல்பங்களும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எழுதி வாங்கிக்கொள்வோம் என்று நான் சொல்லாத மாதம் கிடையாது. மாமாவுக்குப் படிக்கத் தெரியாது என்றோ சோம்பல் என்றோ நினைத்துவிடக் கூடாது. தினமும் பேப்பரை விளம்பரம் விடாமல் வாசிக்கிறவர் அவர். அவருடைய பிரச்சினை வேறு. ஒருநாள் நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். சொன்ன நாளில் வராமல் போனால் என்ன, கமரா பழுதானால் என்ன, எடுத்த படம் அழிந்துபோனால் என்ன, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் மாமா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "நல்ல காரியம் பேசுற எடத்துல கெட்டத வாயில எடுக்காத புள்ள. கல்யாண வேலைக்கு வர்றவன்கிட்ட போயி, நீ செத்தா என்னான்னா கேப்பாங்க?" என்றார். ஒப்பந்தம் என்றாலே நடக்கக் கூடாதவற்றை முன்கூட்டியே பேசிவைப்பதுதானே. அதை நல்ல நாள் பார்த்துப் பேச முடியுமா? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பேசாமல் விட்டதற்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. டயகமவில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேர் கமராவோடு போய் நின்றார்கள். அதே முகூர்த்தத்தில் ஹட்டனில் நடந்த கல்யாணத்துக்கு ஒருவரும் போகவில்லை. இன்னொருவர் எங்கள் வாடிக்கையாளரின் படங்களைத் தன்னுடைய முகநூலில் போட்டு, கீழே தன்னுடைய தொலைபேசி எண்ணையும் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "நான் எடுத்த படம்தானே அக்கா" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. படம் யாருக்குச் சொந்தம் என்று அவரிடம் யார் சொன்னது? மாமா மட்டும் அசரவே இல்லை. "போகட்டும், பழகுன புள்ளைங்க" என்பார். அந்த 'பழகுன புள்ளைங்க' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ராகலைக் கல்யாணம் அப்படித்தான் வந்தது. பெண்ணின் அப்பா மரக்கறி லொறி ஓட்டியவர். ஒரே மகள். எங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மாமா பேசப் பேசத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேசாத மனிதரை நான் பார்த்ததில்லை. வீடியோ வேலையை மாமா கந்தப்பளைக்காரர் ஒருவரிடம் கொடுத்தார். கெட்டிக்காரர், தன்மையானவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வான் வண்டியில் ஏறிப் போன பிறகு, கந்தப்பளைக்காரர் வழக்கமாகச் செய்வதுபோல அப்பாவைத் தனியாகக் கோயில் சுவரோரம் நிறுத்தி, மகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார்கள். வாயே திறக்காத அந்த மனிதர் கமராவைப் பார்த்து நிறைய நேரம் பேசியிருக்கிறார். வீடியோ முடிந்து எங்கள் கைக்கு வந்தபோது அந்த இடத்தில் அவர் குரல் இல்லை. அப்பா மகள் பாசத்தைச் சொல்லும் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. திரை முழுக்க ரோஜாப்பூக்கள் கொட்டின. எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான் செய்வார்கள், வீட்டுக்காரர்களும் கேட்டு வாங்குவார்கள். எங்களுக்கு அது உறுத்தவே இல்லை.

சில மாதங்களில் அந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். வீடியோவை அதற்குள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பாட்டு ஓடும்போது அப்பாவின் வாய் அசைவதைக் கவனித்திருக்கிறாள். "அந்தப் பாட்ட மட்டும் எடுத்துத் தருவீங்களா அக்கா? பாட்டுக்கு அடியில அப்பா பேசுறது இருக்கும்தானே?" என்று கேட்டாள். சுவருக்கு மேல் பூசிய சாயத்தைச் சுரண்டுவதுபோல லேசான வேலை என்று நினைத்திருக்கிறாள். நானும் அவளைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், முதலில் எடுத்த மூலம் இருந்தால் முடியும் என்று சொல்லி, அவள் முன்னாலேயே கந்தப்பளைக்காரருக்கு போன் போட்டேன்.

"அதெல்லாம் அப்பவே அழிச்சிட்டேனே அக்கா. அடுத்த கல்யாணத்துக்கு எடம் வேணுமே. வச்சிருங்கன்னு யாரும் சொல்லலியே" என்றார். அந்த அப்பா என்ன பேசினார் என்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார், பாவம். "அழுதுக்கிட்டே சொன்னாரு அக்கா. என்னான்னு சரியா ஞாபகம் வரல. எல்லா வீட்டுலயும் சொல்றதுதானே" என்றார். போன் சத்தம் வெளியே கேட்டது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதரை என்னவென்று திட்டுவது? அவர் எங்கள் கடையில் சம்பளத்துக்கு இருந்திருந்தால் எல்லாம் எங்கள் கணினியில் இருந்திருக்கும், வைத்திரு என்று மாமா ஒரு சத்தம் போட்டால் வைத்திருப்பார். வெளியாளுக்கு அது செல்லாது. அவருடைய கருவி, அவருடைய வழக்கம். எங்களுக்கு எது வேண்டும், எது யாருடையது, எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை நாங்கள்தான் முன்கூட்டியே சொல்லி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வெற்றிலையைக் கொடுத்துவிட்டு, மனதில் இருப்பதை அவரே தெரிந்துகொள்வார் என்று உட்கார்ந்திருந்தோம்.

அவள் கேட்டபடி பாட்டை எடுத்துக் காட்டினேன். பூக்களை எடுக்க முடியவில்லை, அவை படத்தோடு ஒட்டியவை. சத்தமே இல்லாமல் அப்பாவின் உதடுகள் அசைந்தன, ஒரு கையால் கண்ணைத் துடைத்தார், குறுக்கே பூ கொட்டியது, மறுபடியும் பேசினார். அவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். மாமா எழுந்து வந்து, "மனசார உன்னய நல்லா இருன்னுதாம்மா சொல்லியிருப்பாரு" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்து, "அது எனக்குத் தெரியும் ஐயா. அப்பா என்ன சொன்னாருன்னுதான் தெரியல" என்றாள். சத்தமில்லாத அந்தப் பிரதியையே வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்குப் பிறகும் மாமா, தாள் எழுது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மாமாவே இல்லை. நான் கேட்காமல் எழுதினேன், ஒரே பக்கம், தமிழிலும் சிங்களத்திலும். இப்போது ஸ்டூடியோவை நடத்துவது நான்தான். மாமா வயதாகிவிட்டதால் காலையில் வந்து பேப்பர் வாசித்துவிட்டுப் போவார். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் தாளை நானே வாசித்துக் காட்டுகிறேன். படம் அழிந்துபோனால் என்று வரும் இடத்தில் மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்து "முருகா" என்பார். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொல்வார்.

முதலில் கையெழுத்துப் போட்டவர் கந்தப்பளைக்காரர்தான். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று மாமா எச்சரித்திருந்தார். நானும் பயந்துதான் தாளை நீட்டினேன். அவர் நிதானமாக வாசித்தார். எடுத்த மூலத்தைக் குரலோடு ஸ்டூடியோவிடம் ஒப்படைக்காமல் அழிக்கக் கூடாது என்ற வரியில் விரலை வைத்தார்.

"இவ்வளவுதானா? அன்னைக்கே சொல்லியிருந்தா வச்சிருப்பேனே அக்கா."