விருந்தாளிக்காகக் கழுவிய தெரு

பிளீச்சிங் பவுடரில் போட்ட வெள்ளைக் கோடு எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு எங்கள் மதினியின் நினைவு வந்துவிடும். போன மாதம் ஒரு வேலையாகப் பழனிக்குப் போயிருந்தேன். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒரு தெருவின் இரண்டு ஓரமும் அந்தக் கோட்டைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். யாரும் கேட்காமல் எங்கள் தெருவுக்கு நாங்களே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைக்கு வந்த காரியத்தைக் கெடுத்துக்கொண்ட கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணனுக்கு லாரி ஓட்டுகிற வேலை. மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். மதினி நூற்பாலைக்குப் போய்க்கொண்டே வீட்டையும், ஒரே மகளையும், அடுத்த வீட்டில் குடியிருந்த என்னையும் சேர்த்து மேய்த்துக்கொண்டிருந்தார். வாய் பெரிது, மனது அதைவிடப் பெரிது. நாங்கள் இருந்தது திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற பக்கம், ஒரு சின்ன நகராட்சி. ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். என் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

எங்கள் தெருவின் துன்பமே அந்தக் குழாய்தான். குடிநீர்க் குழாயைச் சாக்கடைக்குள்ளேயே போட்டிருந்தார்கள். யார் போட்டது, எப்போது போட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் பெரிது. வராத நாளெல்லாம் குழாய் காலியாகச் சாக்கடையில் ஊறிக் கிடக்கும். எங்கெங்கோ இருந்த ஓட்டைகள் வழியாகச் சாக்கடை உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் திறந்துவிட்டால் முதல் குடங்கள் கறுப்பாக வரும். அதைக் கொட்டிவிட்டு, நாற்றம் போனதும் பிடித்து, துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குடிப்போம். மழைக்காலத்தில் கடைசிக் குடம்வரை நாற்றம் போகாது. அப்படி ஒரு மழையில்தான் மதினியின் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, பிறகு திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ஒருவழியாகப் பிழைத்து வந்தாள். ஓடியாடிய பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று டாக்டர் சொன்னதை மதினி அதன் பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார். "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாம்மான்னு சொல்லிட்டாரு. அடுத்த மழைக்குள்ள இந்தக் குழாய வெளிய எடுத்தாகணும்."

அதற்காக அவர் நகராட்சிக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. மில் ஷிப்ட் முடிந்ததும் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனு எழுதித் தருகிற வேலை என்னுடையது. நகர்மன்றக் கூட்டம் நடக்கிற நாளில் எங்களைப் போன்றவர்கள் உள்ளே போக முடியாது. வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் எல்லா வார்டு ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்கிறவர், நாய்த் தொல்லை என்கிறவர், பக்கத்து வீட்டுக்காரன் படிக்கட்டை ரோட்டில் இறக்கிவிட்டான் என்கிறவர். மதினி பெஞ்சில் உட்கார மாட்டார். கூட்ட அறையின் சன்னல் பக்கம் நின்று காதைக் கொடுப்பார். எங்கள் வார்டு கவுன்சிலர் பூ மண்டியில் கமிஷன் கடை வைத்திருந்தவர், பாவம், நல்ல மனிதர். உள்ளே எழுந்து எங்கள் குழாயைப் பற்றிப் பேசுவார். "ஆவன செய்யப்படும்" என்று தலைவர் சொல்வார். வெளியே வந்ததும் கவுன்சிலர், "பாத்துருவோம்க்கா" என்பார். "நீங்க பாத்துக்கிட்டேதான தம்பி இருக்கீங்க" என்பார் மதினி. அவர் சிரித்துக்கொண்டே பைக்கை உதைப்பார்.

கடைசியில் ஒரு கூட்டத்தில் ஆணையரே, "நான் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்று சொன்னார். புதிதாக வந்திருந்தவர், அதிகம் பேசாதவர். வியாழக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னதைச் சன்னல் வழியாகக் கேட்ட மதினி, அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வியாழக்கிழமை விடிந்து நான் வெளியே வந்தால் தெருவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மண்வெட்டியோடு ஆம்பளைகள் சாக்கடையை ஒரு பொட்டு அழுக்கில்லாமல் அள்ளி முடித்திருந்தார்கள். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு கோலம். தெருமுனையில் சிலுவை வைத்த கெபியில் ஏற்றிய பத்தி மணக்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் நூல் பிடித்ததுபோல் பிளீச்சிங் பவுடர்க் கோடு. அதைப் போட்டுக்கொண்டு வந்தவர் மதினி. யாருடைய வீட்டிலோ வடை வெந்துகொண்டிருந்தது.

"மதினி, சாக்கடையக் கழுவிட்டா அவரு வந்து எதைப் பாப்பாரு?" என்று கேட்டேன்.

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "ஏங் கொழுந்தனாரே, நம்ம கூப்பிட்டு நம்ம தெருவுக்கு ஒரு பெரிய மனுசர் வாராரு. அவர நாத்தத்துலயா நிக்க வைக்கிறது? நாளைக்கு நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. கடன்காரன் வந்தால்கூட உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்துவிட்டுத்தான் தவணை கேட்போம். குறையைக் காட்டக் கூப்பிட்ட மனிதர் என்பது எல்லோருக்கும் மறந்து, வீட்டுக்கு வருகிற விருந்தாளி என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

ஆணையர் வந்தார். தெரு முழுக்க நடந்தார். சாக்கடை காய்ந்து கிடந்தது. குழாய் அதற்குள் கிடந்தது உண்மைதான், ஆனால் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி கிடந்தது. அன்று தண்ணீர் திறக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே இறங்குவதற்குச் சாக்கடையில் எதுவும் இல்லாததால் குழாயில் தண்ணீர் பளிங்காக வந்தது. வடை சாப்பிட்டார், டீ குடித்தார். "இவ்வளவு சுத்தமா ஒரு தெருவை இந்த ஊர்ல நான் பாக்கலை" என்று மனதாரச் சொன்னார். மதினியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆணையர் அடுத்துத் தன்னோடு வந்த பொறியாளர் பக்கம் திரும்பி, "இங்க அவசரம் இல்ல, அடுத்த வருசம் சேர்த்துக்கலாம்" என்று சொன்னபோதுதான் அந்த முகம் அணைந்தது. டீ டம்ளரோடு நிற்கிற விருந்தாளியிடம், "இல்லை ஐயா, எங்கள் தெரு நாறும்" என்று எப்படிச் சொல்வது? ஜீப் போய்விட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம். அன்று மதினி மில்லுக்குப் போகவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அவள் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தார். அவரிடம் பேச எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. ஊரிலேயே தூய்மையான தெரு என்று எங்கள் தெருவை அடுத்த மன்றக் கூட்டத்தில் பாராட்டப் போவதாகவும், தெருவின் சார்பாக மதினிக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும் கவுன்சிலர் வந்து சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. மதினி, "உள்ளாற வரச் சொல்லியிருக்காகளா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சன்னலுக்கு வெளியே இந்தத் தடவை நான் நின்றேன். மதினி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற சுங்கடிச் சேலையில் உள்ளே நின்றார். பொன்னாடை போர்த்தினார்கள், கை தட்டினார்கள். தலைவர் பெருந்தன்மையாக, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார். மதினி ஆணையரைப் பார்த்துப் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"ஐயா, அன்னைக்கு நீங்க பாத்தது எங்க தெரு இல்ல. நீங்க வாரீகன்னு கழுவி வச்ச தெரு. அந்தச் சாக்கடையக் குடிச்சுதான் எம் மக சாகப் பொழைக்கக் கெடந்தா."

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கவுரவிக்கக் கூப்பிட்டா குத்தம் சொல்றீங்களேம்மா!"

"குத்தம் எங்க மேலதாங்கய்யா. வீட்டுக்கு வாரவுகள எப்படிக் கவனிக்கணும்னுதான் எங்களுக்குத் தெரியும். மறுக்கா ஒரு தடவை வாங்க. சொல்லாம வாங்க."

பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டு வெளியே வந்தார். இனி நம் தெருவை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், தண்ணீர் வருகிற நாளில், ஆணையர் சொல்லாமல் வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, குடையோடு, டிரைவரைத் தவிர யாரும் இல்லாமல். சாக்கடை வழிந்து தெருவில் ஓடியது. அதில் நடந்து வந்து மதினி வீட்டு வாசலில் நின்றார். மதினி குழாயடியில் குடத்தோடு குனிந்திருந்தார். உட்காரச் சொல்ல ஒரு நாற்காலிகூட வெளியில் இல்லை. அவரைப் பார்த்ததும் மதினிக்குச் சேலைத் தலைப்பை எங்கே செருகுவது என்று தெரியவில்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்றார் ஆணையர். தாகத்தில் கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மதினி குடத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இந்தத் தண்ணிய உங்களுக்கு நான் தர மாட்டேன் சார்" என்றார்.

ஆணையர் குழாயில் கையை நீட்டி, உள்ளங்கையில் பிடித்து, முகர்ந்து பார்த்தார். கையை உதறிவிட்டு மழையிலேயே நடந்து போனார். மதினி உள்ளே போய் அழுதார். மகளுக்காக அழுகிறார் என்று நினைத்துத் தேற்றப் போனேன். "வாசல் தேடி வந்து தண்ணி கேட்ட மனுசனுக்கு இல்லைன்னு சொல்லிட்டேனே. எங்க ஆத்தா வீட்டுல இப்படி ஒரு நாளும் நடந்தது இல்லையே" என்று தேம்பினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிற நேரத்தில் குழாய் சாக்கடையை விட்டு வெளியே வந்து, வீட்டுச் சுவர்களை ஒட்டி மேலே ஏறிவிட்டது. முதல் நாள் வந்த தண்ணீரை மதினி முகர்ந்தார், நாக்கில் வைத்தார், பிறகு மகளுக்குக் கொடுத்தார். அவள் மடக்மடக்கென்று குடித்ததைத் தெருவே நின்று பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒட்டன்சத்திரத்தில் இரண்டு பிள்ளைகள். மதினியும் அவளோடுதான் இருக்கிறார். அங்கேயும் ஏதோ தெருவிளக்குக்காக அலைந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

அந்தப் புதுக் குழாயில் முதல் தண்ணீர் வந்த மறுநாள் மதினி ஒரு தூக்குச்சட்டி நிறையத் தண்ணீர் பிடித்து மூடிக்கொண்டு, ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு, "கெளம்புங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனார். எங்களை உடனே உள்ளே விட்டார்கள். ஆணையரின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். முந்திய வாரமே நம் ஆளை மாற்றிவிட்டிருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியவில்லை. மதினி தூக்கோடு அப்படியே நின்றுவிட்டார்.

புதிய ஆணையர் தூக்கைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். அந்த அறைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பெண்கள் எதற்காகக் கொண்டுவருவார்கள் என்று வந்த சில நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "திறக்காதீங்கம்மா. மனுவை என்கிட்ட குடுங்க. தண்ணியை வெளிய வச்சுட்டுப் போங்க, டெஸ்ட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார்.

"மனு இல்லைங்க சார்" என்றார் மதினி. மூடியைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, முதலில் தான் அண்ணாந்து ஒரு வாய் குடித்துக் காட்டினார். பிறகு டம்ளரை நிரப்பி இரண்டு கையாலும் நீட்டினார்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற பியூனைப் பார்த்தார். வாங்கிக் குடித்தார்.

"இந்த நாற்காலிக்குத் தர வேண்டியது சார்" என்றார் மதினி. "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?"