பழவங்காடியில் ஒரு முன்னோட்டம்

சமூகவியல் பட்டப்படிப்பின் கடைசி வருடம், ஆய்வேட்டுக்கு நானும் தோழியும் சேர்ந்து போட்ட திட்டம் இதுதான்: பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்களிடம், என்ன வேண்டுதல் என்று கேட்பது. யாருக்குமே தோன்றாத யோசனை என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் நின்றபடியே சிரித்தோம்.

யோசனையைக் கேட்ட எங்கள் வழிகாட்டி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆய்வாளர் மாறி நின்னு பாக்கணும். எடையில போய்ச் சாடக் கூடாது, கேட்டோ?" என்றார், மலையாளம் கலந்த தமிழில். ஒதுங்கி நின்று கவனிக்க வேண்டும், நடுவில் போய்க் குதிக்கக் கூடாது என்று அர்த்தம்.

திட்டத்தை ஒப்படைக்க வேண்டிய அன்று காலையில், கேள்விகளைச் சோதித்துப் பார்க்கக் கோவிலுக்குப் போனோம். தோழி கேள்வித்தாளும் பேனாவுமாக நின்றாள். நான் மெல்ல நழுவி, ஒரு தேங்காய் வாங்கி, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஓங்கி எறிந்தேன். சுக்குநூறாகச் சிதறியது. திரும்பினால் எதிரில் அவள்.

"என்ன வேண்டுதல், சேச்சி?" என்றாள், முன்பின் தெரியாதவளைக் கேட்பதுபோல.

"டீச்சர் நம்ம திட்டத்துக்கு ஓகே சொல்லணும்னு."

அவள் அதை எழுதவில்லை. கேள்வித்தாளை என் கையில் திணித்துவிட்டு, தோள்பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தாள்.

"அதுக்கு ஒண்ணு போதாதுடீ. தள்ளி நில்லு."