ஏரிக்கரையில் தண்ணீர் வந்த நாள்

கண்ணுங்களா, நம் மலையில் படகு விடும் ஏரியைப் பார்த்துவிட்டு, "ஆப்பிரிக்காவுல நீங்க பாத்த ஏரியும் இத்தனை பெருசுதானுங்களாப்பா?" என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு பெரிய ஆற்றை மறித்து அணை கட்டியதால் உண்டான ஏரி அது. கரையில் நின்றால் அக்கரை தெரியாது. நீர்யானையையும் முதலையையும் படகில் போய்ப் பார்க்க வருகிறவர்கள் தங்க அங்கே ஒரு விடுதி இருந்தது. அவ்வளவு தண்ணீர் இருக்கிற இடத்தில் போர் போடுகிற நம் ஊர் ரிக் வண்டிக்கு என்ன வேலை என்பீர்கள். மழை பொய்த்து ஏரி வெகுதூரம் உள்வாங்கிவிட்டது. ஏரியிலிருந்து தண்ணீர் இழுக்கும் விடுதியின் குழாய் சேற்றில் கிடந்தது. போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் அந்த வாரமே மூடிவிடுவேன் என்று விடுதிக்கார அம்மா சொல்லிவிட்டார். சமையல்காரரும் படகோட்டிகளும் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிழைப்பு அதில்தான்.

துளை போடுவது நான். வண்டி ஓட்டுவது சேந்தமங்கலத்துப் பாய் ஒருவர். வண்டிக்குப் பூசை போட்டு, வாழைப்பழச் சீப்பைப் படைத்து, வேலை முடியும் வரை அதை எடுக்காமல் விடுவது எங்கள் வழக்கம். விடுதிக் காவலாளி பழத்தைக் காட்டி, கையைத் தும்பிக்கை போல ஆட்டி, எடுத்துவிடச் சொன்னார். நான் கேட்கவில்லை. நம் மலையில் யானை ஏது, அந்தப் பயம் எனக்குத் தெரிய? பகலெல்லாம் துளை ஓட்டியும் வெறும் புழுதிதான் வந்தது. பழத்தை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தோம்.

விடிந்து பார்த்தால் வண்டியை ஒட்டி ஒரு யானை. சீப்பைத் தின்றுவிட்டு, இன்னும் இருக்குமோ என்று கம்ப்ரசரிலிருந்து ரிக்குக்குக் காற்று போகும் ஓஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"படையல் போட்டீங்கல்ல, சாமியே நேர்ல வந்திருச்சுங்க" என்றார் பாய். "போயி விபூதி வாங்கிக்கங்க."

"கிண்டல் பண்ணாதீங்க பாய். ஓஸு போச்சுன்னா காத்து ஏது, வேல ஏது? எப்படித் தொரத்தறதுங்க?"

"என்னையக் கேட்டா? எங்கூட்டுல பிள்ளையாருக்குப் படைச்சுப் பழக்கமில்லீங்களே."

யானை தானாகப் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பிய்ந்த நுனியை அறுத்தெறிந்து, மீதியைக் கிளிப் போட்டு முறுக்கினோம். ஓஸ் நீளம் குறைந்துபோனதால் கம்ப்ரசர் லாரியை ரிக்கை உரசுகிற மாதிரி நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி ஓட்டினேன். புழுதி, மேலும் புழுதி. விடுதிக்கார அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு புழுதி கறுத்தது, ஈரமானது, சேறாக வழிந்தது. துளைக்குள் அடுத்த இரும்பு ராடு இறங்கியதும் அடியில் ஓர் உறுமல். தண்ணீர் பீறிட்டு வண்டி உச்சியைத் தாண்டி எழும்பியது.

"வந்திருச்சுங்க" என்று பாய் என் தோளை உலுக்கினார். "ஊருக்குப் போயி நானே சொல்றேனுங்க, யான வந்து ஆசீர்வாதம் பண்ணுச்சுன்னு."

சமையல்காரர் அண்டாவோடு ஓடி வந்தார். படகோட்டிகள் நனைந்துகொண்டே ஆடினார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி நின்றார். அன்றே மோட்டாரும் இறக்கிவிட்டோம். சாயங்காலம், பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க யானைகள் குட்டிகளோடு வந்தன. அன்று விடுதிக்கு வந்திறங்கியவர்கள் படகைக்கூடக் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு யானைகளையே பார்த்தார்கள். விடுதி மூடவில்லை, சாமிகளா. அது உங்கள் அப்பன் கை போட்ட துளை.

மறுநாள் விடியலில் மற்றவர்கள் எழுவதற்கு முன் சமையற்கட்டுக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்தேன். ஒரு வாளி நிறையப் பிடித்து, இரண்டு நாள் புழுதியும் போகத் தலைவழியே ஊற்றிக்கொண்டு, இன்னொரு வாளி பிடித்தேன்.