செமிட்டாவைத் தின்ற தேள்

புவெப்லா நகரில் எங்கள் பேட்டை மல்யுத்த அரங்கில் முரடன் வேடம் போடுகிறவன் பேர் வாங்க வேண்டுமென்றால், எதிரியை வீழ்த்தினால் மட்டும் போதாது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோன்யா எர்மெலிந்தாவிடம் திட்டு வாங்க வேண்டும். வாரமெல்லாம் ஊரார் துணியைத் தேய்த்துக் கொடுக்கும் அந்த அம்மாள், முப்பத்துநான்கு வருடங்களாகத் திங்கட்கிழமை சாயங்காலம் அங்கேதான். மடியில் இறைச்சி பிதுங்கும் செமிட்டா ரொட்டி. காலில் சட்டென்று கழற்றத் தோதான செருப்பு.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய மாதம், அரங்க முதலாளி பழைய நட்சத்திரங்களை ஒதுக்கிவிட்டு, முழுக்கப் புதுமுகங்களை இறக்கினார். கூட்டம் யாரைப் பார்த்துக் கத்தவில்லையோ அவனுக்கு அடுத்த வாரம் இடமில்லை என்று சுவரொட்டியிலேயே போட்டிருந்தது.

"பால்குடிப் பசங்க," என்று தோன்யா உதட்டைப் பிதுக்கினாள். "இவனுகளுக்காக என் தொண்டைய வீணாக்கணுமா?"

மூன்றாவது ஆட்டத்தில் 'சாம்பல் தேள்' வந்தான். தேள் படம் போட்ட முகமூடி, முரடன் வேடம். கூட்டம் கொட்டாவி விட்டது. எதிராளி அவனைத் தூக்கி வெளியே எறிய, தோன்யாவின் காலடியில் வந்து விழுந்தான். எழும்போது அவள் பாவாடையை மிதித்துவிட்டான்.

"ஐயையோ, மன்னிச்சிடுங்க மத்ரினா!"

ஞானஸ்நானத்தில் தன்னை ஏந்திய ஞானத்தாயைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். தோன்யா ஏந்திய பிள்ளை ஒருத்தன்தான்: டைல்ஸ் ஒட்டும் எவரிஸ்தோ.

"மன்னிப்புக் கேக்குற முரடன்டா!" என்று பின்வரிசை கெக்கலித்தது. "அடுத்து கைக்கு முத்தம் குடுப்பான் பாரு!"

தோன்யாவின் வாய் "எவ..." என்று திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. முகமூடிக்காரனின் பெயரை வெளியே விட்டால் அவன் பிழைப்பு அதோடு போச்சு. மறுகணம் செருப்பு அவன் கன்னத்தில் விழுந்தது.

"யாருடா உனக்கு மத்ரினா? கரப்பான்பூச்சி! உன்ன ஏந்தியிருந்தா தொட்டியிலயே நழுவ விட்டிருப்பேன்!"

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தேள் மட்டும் அசையாமல் நின்றான்.

"என்னடா முழிக்கிற? என் செமிட்டாவயா பாக்குற? தொடு பாக்கலாம், கைய ஒடைக்கிறேன்!"

அதைச் சொல்லும்போதே பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டியதை, பக்கத்தில் இருந்த நான் மட்டும் பார்த்தேன். அவனுக்கும் ஒருவழியாகப் புரிந்தது. வெடுக்கென்று பிடுங்கி, ஒரு பெரிய வாய் கடித்து, மிச்சத்தைத் தரையில் போட்டு மிதித்தான்.

"திருட்டு நாயே! கெழவி சோத்தயா தின்ற?" என்று ஆயிரம் பேர் எழுந்து நின்றார்கள். ஆட்டத்தில் அவன் தோற்றான். உடைமாற்றும் அறைவரை வசவு அவனைத் துரத்தியது. அடுத்த வாரச் சுவரொட்டியில் தேளின் பெயர்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

மறுநாள் காலை நான் துணி கொடுக்கப் போனபோது, எவரிஸ்தோ அவள் சமையலறையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கன்னத்துல என்னடா வீக்கம்?"

"டைல்ஸ் விழுந்துடுச்சு மத்ரினா."

"ம். நேத்து ஒரு தேள் என் செமிட்டாவத் தின்னுட்டான்."

"மொளகா கொஞ்சம் கம்மியாமே?" அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"யார் சொன்னா?"

"அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுதாம். பேசிக்கிறாங்க."

"முகமூடிக்குள்ள இருந்த மூஞ்சியவா?"

அவன் காதுமடல் சிவந்தது. தோன்யா இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"திங்கக்கிழமை ரெண்டா எடுத்துட்டுப் போறேன். ஒண்ணாவது எனக்கு மிஞ்சட்டும்."